எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு வேலைக்கு 14,500 ரூபாய் போச்சு – அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

நேற்று சாயங்காலம்தான் முழு உண்மையும் தெரிந்தது. வயிறு எரிகிறது. ஒர்க்‌ஷாப் பெயரைப் போடவில்லை. பழைய கார் ஸ்பெஷலிஸ்ட் என்று போர்டு மாட்டி, வாசலில் பாலிஷ் போட்ட பழைய வண்டிகளை நிறுத்தி வைத்திருக்கும் வகை இடம். வேலைக்கு விடும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

என்னுடையது பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று சத்தம் வரும், சூடானதும் அடங்கிவிடும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (இன்ஜின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் இரும்புக் குழாய்) இன்ஜினோடு சேரும் இடத்தில் கசிவைத் தடுக்கும் தகடான கேஸ்கெட் ஊதுகிறது என்பதற்கு அதுவே அடையாளம். சூட்டில் இரும்பு விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும். முதலாளி பானெட்டைத் திறந்து, மேனிஃபோல்டு ஓரத்தில் படிந்திருந்த கரியை விரலால் தொட்டுக் காட்டினார். “எங்கப்பா ஓட்டினதும் இதே வண்டிதான் சார். ஒரு ஸ்டட்கூட உடையாம கழட்டித் தர்றேன்” என்றார் (ஸ்டட் என்பது மேனிஃபோல்டை இன்ஜினோடு பிடித்து வைக்கும் தலையில்லாத போல்ட்). அந்தப் பேச்சுக்குத்தான் சாவியைக் கொடுத்தேன். 2014-லேயே உற்பத்தி நின்றுபோன வண்டி. இந்த இன்ஜின் தெரிந்த ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அப்படி ஒருவர் கிடைத்தால் யாருக்கும் நம்பத்தான் தோன்றும். அந்த நம்பிக்கையைத்தான் அவர் காசாக்கினார்.

புது கேஸ்கெட், புது ஸ்டட் செட், ஃபேஸிங் (சேரும் முகத்தைச் சமமாகச் சீவுவது), லேபர் எல்லாம் சேர்த்து 14,500 ரூபாய் பில். நான் எடுக்கப் போனபோது இன்ஜினைச் சூடாக்கியே வைத்திருந்தார்கள். சத்தமே இல்லை. பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை முன்பைவிடப் பெரிய சத்தம். ஐட்லிங் (வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம்) ஏறி ஏறி இறங்கியது. வண்டிக்குள் புகை வாடை, பின் சீட்டில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்குத் தலைவலி.

போன் செய்தால், “புது கேஸ்கெட் சார், நாலு நாள் ஓடினா செட் ஆயிடும்.” அப்புறம், “மெக்கானிக் ஊருக்குப் போயிருக்கார்.” அப்புறம், “பழைய வண்டின்னா அப்படித்தான்.” நேரில் போனால் முதலாளி இல்லை, பையன் பில்லை வாங்கிப் பார்த்துவிட்டு, எக்ஸாஸ்ட் வேலைக்கு வாரண்டி கிடையாது என்கிறான். 14,500 ரூபாய் வாங்கும்போது இதை யாரும் சொல்லவில்லை.

நேற்று தெரிந்த லேத் பட்டறை அண்ணனிடம் கழற்றினோம். புது கேஸ்கெட்டே இல்லை. பழையதையே சிவப்பு சிலிக்கான் பேஸ்ட் தடவித் திரும்ப வைத்திருக்கிறார்கள். எக்ஸாஸ்ட் போர்ட்டை (புகை வெளிவரும் துளை) சுற்றி அது கருகி உதிர்கிறது. உடைந்த ஒரு ஸ்டட்டை ஹெட்டோடு (இன்ஜினின் மேல்பகுதி) சமமாக அறுத்து, மேலே பேஸ்டைப் பூசி மறைத்திருக்கிறார்கள். இன்னொரு துளையில் ஸ்டட்டுக்குப் பதில் சாதாரண எம்8 (8 மி.மீ.) போல்ட். அது 5/16 இஞ்சுத் துளை. எம்8 விட்டத்தில் கிட்டத்தட்ட அதே அளவுதான், மரை வேறு: துளையில் இஞ்சுக்கு 18 மரை, எம்8-ல் இருபதுக்குச் சற்று மேல். ஸ்பேனர் போட்டு அழுத்தித் திருகினால் ஏறிவிடும், ஹெட்டின் மரையைத் தின்றுகொண்டே. போல்ட்டைக் கழற்றியபோது பற்களில் இரும்புத் துகள் பளபளவென்று ஒட்டிக்கொண்டு வந்தது. இந்த இன்ஜினில் இன்லெட்டும் (காற்று உள்ளே போகும் வழி) எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம். நடு ஸ்டட்களின் தடித்த வாஷர்தான் இரண்டு ஃபிளாஞ்சையும் (இணைப்பு விளிம்பு) சேர்த்துப் பிடிக்கும். அங்கே பிடி தளர்ந்தால் வெளியே புகை, உள்ளே காற்று இரண்டும் கசியும். ஐட்லிங் ஆடியதற்குக் காரணம் அதுதான். 14,500 வாங்கிக்கொண்டு நல்லாயிருந்த ஹெட்டையும் கெடுத்து அனுப்பியிருக்கிறார்கள். இனி அறுத்த ஸ்டட்டை நடுப்புள்ளி பார்த்துத் துளைத்து எடுக்க வேண்டும், போன மரைக்கு இன்சர்ட் (புது மரை உள்ள செருகல்) போட வேண்டும். அது தனிச் செலவு.

முதலாளிக்குப் போட்டோவெல்லாம் அனுப்பினேன். பார்த்துவிட்டார், பதில் இல்லை.

அவசரமாகச் சொல்கிறேன்: பழைய கேஸ்கெட்டையும் ஸ்டட்களையும் கையில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள். ஆறின இன்ஜினை உங்கள் கண்முன் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஓரத்தில் சிவப்பு பேஸ்ட் பிதுங்கியிருந்தால் வண்டியை எடுக்காதீர்கள். வண்டிக்குள் புகை வாடை வந்தால் சரிசெய்யும்வரை ஓட்டவே ஓட்டாதீர்கள். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது.