வெளியேறச் சொல்லி நோட்டீஸ் வந்தால்: வாடகை உதவியா, இலவச வக்கீலா?

அமெரிக்காவில் வாடகை பாக்கிக்காகக் கதவில் நோட்டீஸ் ஒட்டியதும் பலர் திண்டாடுவது இதில்தான்: மாநில அரசின் வாடகை உதவிக்கு ஓடுவதா, அரசு தரும் வக்கீலைக் கேட்பதா?

பணம்
உதவி: மாசசூசெட்ஸின் ராஃப்ட் திட்டம் 12 மாதத்தில் 7,000 டாலர் வரை தருகிறது. பணம் பெரும்பாலும் நேராக வீட்டுக்காரருக்கே போகும்.
வக்கீல்: பாக்கியை அடைக்க மாட்டார், தவணை பேசித் தருவார்.

வேகம்
உதவி: ஒப்பந்தம், வருமானச் சான்று, வீட்டுக்காரர் தரவேண்டிய தாள்கள் என்று வாரக்கணக்கில் இழுக்கலாம். வாஷிங்டன் மாநிலத்தில் பாக்கி நோட்டீஸுக்குக் கெடு வெறும் 14 நாள்.
வக்கீல்: வழக்கு தொடங்கியதும் கிடைப்பார். 2021-ல் வாஷிங்டன்தான் இதை ஏழை வாடகைதாரரின் உரிமையாக்கிய முதல் மாநிலம். மேரிலாந்தும் கனெக்டிகட்டும் அதே ஆண்டு சட்டம் போட்டன. மற்ற பல மாநிலங்களில் இந்த உரிமை இன்னும் இல்லை, அது வேதனைதான்.

நிலைப்பு
உதவி: இந்த மாதம் தப்பிக்கலாம். சம்பளம் திரும்பாவிட்டால் அடுத்த பாக்கி வரும்.
வக்கீல்: நோட்டீஸில் தேதியோ தொகையோ தப்பாக இருந்தால் வழக்கே தள்ளுபடியாகலாம். வெளியேற்றத் தீர்ப்பு பதிவில் ஏறாமல் பார்ப்பதுதான் பெரிய விஷயம், அது ஏறிவிட்டால் அடுத்த வீடு கிடைப்பதே கஷ்டம்.

வேலை திரும்பிவிட்டது, பாக்கி மட்டும்தான் என்றால் வாடகை உதவி போதும். சம்மன் கைக்கு வந்துவிட்டதா, அப்போது முதலில் வக்கீல், அப்புறம் விண்ணப்பம்.