ஷாம்பூ பார் செய்யும் வகுப்பு: கைப்பக்குவம் அருமை, தண்ணீரைத்தான் விட்டுவிட்டார்கள்

தலைக்குப் போடும் சோப்புக் கட்டியான ஷாம்பூ பாரை வீட்டிலேயே செய்யக் கற்றுத்தரும் ஒருநாள் வகுப்புகள் சென்னையில் இப்போது நிறைய நடக்கின்றன. கே.கே. நகரில் ஒரு வீட்டு மொட்டைமாடியில், கூரை போட்ட இடத்தில் நடக்கும் வகுப்புக்குப் போய்வந்தேன். கட்டணம் 1,800 ரூபாய். எண்ணெய், மோல்டு, கையுறை எல்லாம் அதிலேயே அடக்கம். நான் மடிப்பாக்கத்தில் சின்னதாக ஒரு பியூட்டி பார்லர் நடத்துகிறேன். "அக்கா, அந்த கிளாஸுக்குப் போகலாமா?" என்று பார்லருக்கு வருகிறவர்களே கேட்கிறார்கள். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

எண்ணெயைச் சோப்பாக்கும் காஸ்டிக் சோடாவைக் கையாளச் சொல்லித்தந்த விதத்துக்கே பாதிக் கட்டணம் தகும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் மேசைப் பக்கம் விடவில்லை. தண்ணீரில்தான் காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், காஸ்டிக் சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது என்று வகுப்பு எடுத்தவர் எல்லாரையும் வாய்விட்டுச் சொல்ல வைத்தார். கரைத்ததும் பாத்திரத்தின் வெளிப்பக்கம் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகிவிடுகிறது. அலுமினியப் பாத்திரம் ஏன் ஆகாது என்பதற்கு, கரைசலில் அலுமினியத் தாள் துண்டு ஒன்றைப் போட்டுக் காட்டினார். நுரைத்துப் பொங்கி, கறுத்து, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரைந்துபோனது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு இந்த ஒரு பாடம் ரொம்ப முக்கியம். வீடியோவைப் பார்த்துவிட்டு நேராக அடுப்படியில் இறங்குகிறவர்கள் பலருக்கு இந்த எச்சரிக்கை கிடைப்பதில்லை.

செய்முறையும் தெளிவு. மொத்தம் 500 கிராம் எண்ணெய்: தேங்காய் எண்ணெய் 250, நல்லெண்ணெய் 150, விளக்கெண்ணெய் 100. இதற்கு 74 கிராம் காஸ்டிக் சோடா, 170 கிராம் தண்ணீர். ஒவ்வொரு எண்ணெயும் வேறு வேறு அளவு காரத்தை, அதாவது காஸ்டிக் சோடாவைக் கேட்கும். தேங்காய் எண்ணெய் 100 கிராமுக்குச் சுமார் 18 கிராம் வேண்டும், விளக்கெண்ணெய்க்கு 13 கிராம் போதும். ஆகவே வீட்டில் ஒரு எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று இன்னொன்றை அதே அளவில் மாற்றி ஊற்றக் கூடாது. கொஞ்சம் எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சும்படி காரத்தைக் குறைத்துத்தான் இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார். அதனால் கடைசியில் கட்டியில் காரம் தங்காது. டிஜிட்டல் தராசு இல்லாமல் ஸ்பூன் கணக்கில் செய்யாதீர்கள் என்று அவர் கறாராகச் சொன்னது சரிதான்.

சென்னை வெயிலில் தேங்காய் எண்ணெய் தானாகவே உருகித்தான் இருக்கும், அடுப்பே தேவைப்படவில்லை. ஹேண்ட் பிளெண்டரை விட்டு விட்டு அடிக்க, கலவை கெட்டியாகிக்கொண்டே வருகிறது. கரண்டியால் எடுத்து மேலே ஊற்றினால் கோடு உடனே மறையாமல் நிற்க வேண்டும். "மோர்க்குழம்பு பதம்" என்றார், அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அந்தப் பதத்தில் சீயக்காய்த் தூளைச் சேர்த்தோம். வஸ்திரகாயம் செய்த, அதாவது துணியில் சலித்த தூளாக இருக்க வேண்டும். மில்லில் அரைத்ததை அப்படியே போட்டால் மண்டையில் நறநறவென்று உரசும். மோல்டில் ஊற்றி, மறுநாள் எடுத்து வெட்டி, நான்கிலிருந்து ஆறு வாரம் காயவிட வேண்டும். நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்குக் கட்டி மேல் வியர்வை போலத் துளிகள் நிற்கும், மூடிய அலமாரியில் வைக்காமல் ஃபேன் காற்றுபடும் இடத்தில் வையுங்கள் என்று சொன்னார். அது உண்மையாகவே பயன்பட்டது.

இதுவரைக்கும் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை இனிமேல்தான்.

பெருங்குடியிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா, "எங்க வீட்டு போர் தண்ணியில பருப்பே வேகாதும்மா, இது நுரைக்குமா?" என்று கேட்டார். வகுப்பில் யார் கேட்டதிலும் நல்ல கேள்வி அதுதான். "நுரைக்கும்மா. முதல் ரெண்டு மூணு வாரம் பிசுபிசுன்னு இருக்கும், அப்புறம் முடி பழகிடும்" என்று பதில் வந்தது. அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள்.

முடி பழகாது. தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடிக்கு உயிரே கிடையாது, அது எதற்குப் பழகும்? போரில் வரும் உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத ஒரு வெள்ளைப் பசையாக மாறும். பாத்ரூம் பக்கெட்டின் உள்பக்கம் வழவழவென்று ஒட்டியிருக்குமே, அதேதான் தலையிலும் படியும். வாரம் போகப் போகக் குறையாது, சேர்ந்துகொண்டேதான் போகும். பார்லரில் நாற்காலியில் உட்காரும்போதே சீப்பில் தெரிந்துவிடும். பல்லிடுக்கில் வெள்ளையாக மாவு, முடி கனத்துத் தொங்கும், காய்ந்த பிறகும் எண்ணெய் வைத்தது போல இருக்கும். "இயற்கை சோப்புதான் போடறேன், ஏன் இப்படி?" என்று கேட்டவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது எந்தத் தெரு, என்ன தண்ணீர் என்பதைத்தான்.

சொல்லிக்கொடுத்தவரின் கூந்தல் நன்றாக இருக்கிறது, அதில் பொய்யே இல்லை. அவர் வீட்டுக் குழாயில் மெட்ரோ தண்ணீர், அதாவது குடிநீர் வாரியத் தண்ணீர் வருகிறது. செம்பரம்பாக்கம், புழல் ஏரித் தண்ணீரில் குளிப்பவருக்கு இந்தப் பார் நன்றாகவே வேலை செய்யும். மடிப்பாக்கம் 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்தும், எங்களில் பலருக்கு இன்னும் போரும் லாரியும்தான். குடிநீருக்கான இந்தியத் தரநிலை லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மை (இந்தக் கால்சியம், மக்னீசியத்தின் அளவு) வரைக்கும் சரி என்கிறது, வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை. அந்த 600ஐயும் தாண்டிய சோதனைச் சீட்டை எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் பார்த்திருக்கிறேன்.

இதைப் பரிசோதிக்க ஆய்வகம் எதுவும் வேண்டாம். கட்டி காய்ந்ததும் பார்லரில் செய்து பார்த்தேன். மூன்று கண்ணாடி பாட்டில்களில் கேன் தண்ணீர், மெட்ரோ லாரித் தண்ணீர், போர் தண்ணீர் என்று பாதி பாதி ஊற்றி, மூன்றிலும் ஒரே அளவு சீவிய சோப்பைப் போட்டுக் குலுக்கினேன். கேன் தண்ணீரில் கழுத்து வரைக்கும் நுரை, அடியில் தெளிவாக நின்றது. லாரித் தண்ணீரில் நுரை கொஞ்சம் குறைவு, லேசான மங்கல். போர் தண்ணீர் மோர் நிறத்துக்கு மாறி, நுரையே நிற்காமல், மேலே தயிர்த் துணுக்குகளாக மிதந்தன. அந்தத் துணுக்குகளை விரலில் எடுத்துத் தேய்த்தால் மெழுகு மாதிரி ஒட்டுகிறது, குழாயில் கழுவினால் போகவில்லை. இதே பாட்டில் சோதனையை வகுப்பின் தொடக்கத்தில் ஐந்து நிமிடம் செய்துகாட்டியிருந்தால், அந்தப் பெருங்குடி அம்மாவுக்கு நேர்மையான பதில் கிடைத்திருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்டியில் சீயக்காய் இருக்கிறது என்பதற்காக அது சீயக்காய் ஆகிவிடாது. நுரை முழுக்க எண்ணெய் சோப்பின் நுரை. காரமா அமிலமா என்று காட்டும் பிஎச் தாளை வைத்துப் பார்த்தால் 9க்கு மேல் காட்டும், நம் தலைத்தோலோ 5.5 பக்கம். காரத்தில் முடியின் மேல்செதில்கள் எழும்பிக்கொள்ளும், அதனால்தான் சிக்கு. டை அடித்த முடியில் நிறம் சீக்கிரம் வெளுக்கும், ஆகவே கலரிங் செய்தவர்களுக்கு இந்தப் பாரை நான் சொல்லமாட்டேன். மற்றவர்கள் கடைசியில் ஒரு பெரிய மக் தண்ணீரில் அரை எலுமிச்சை பிழிந்து அலசினால் செதில் படியும், பிசுக்கும் ஓரளவு இறங்கும். இந்த எலுமிச்சை விஷயத்தை வகுப்பில் கொடுத்த தாளில் ஒரே வரியில், "விரும்பினால்" என்று போட்டிருக்கிறார்கள். சென்னையில் அது விருப்பம் இல்லை, கட்டாயம்.

போர் தண்ணீர்தான் என்றால், இயற்கையாகவும் இருக்க வேண்டும் என்றால், கட்டியே தேவையில்லை என்பது என் கருத்து. சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் நுரை தருவது சபோனின் என்ற இயற்கைப் பொருள். அது கால்சியத்தோடு சேர்ந்து பசையாவதில்லை. கிணற்றுத் தண்ணீரிலேயே குளித்து, இடுப்பு வரைக்கும் முடி வளர்த்த பெண்கள் நம் வீடுகளில் இருந்தார்கள் என்றால் இதுவும் ஒரு காரணம். மயிலாப்பூர் டப்பா செட்டி கடை மாதிரி நாட்டு மருந்துக் கடையில் சீயக்காய், பூலாங்கிழங்கு, வெட்டிவேர் வாங்கி, வெந்தயமும் பச்சைப்பயறும் சேர்த்து அரைத்து வைத்துக்கொள்ளுங்கள். கண்ணில் படாமல் தேய்க்க வேண்டும், அவ்வளவுதான்.

கட்டிதான் வசதி, ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்பவர்களுக்கு இன்னொரு வகை உண்டு. தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலத்திலிருந்து செய்யும் சோடியம் கோக்கோயில் ஐசெதியோனேட் என்ற பவுடரை வைத்துச் செய்வது. உப்புத் தண்ணீரிலும் பசை படியாது, பிஎச்சையும் தலைத்தோலுக்கு ஏற்றபடி கொண்டுவரலாம், வாரக்கணக்கில் காயவிட வேண்டியதில்லை. பவுடர் பறந்து மூக்கில் ஏறும், மாஸ்க் அவசியம். இதைக் கேட்டபோது "அது கெமிக்கல், நாம அதைச் செய்யறதில்ல" என்று முடித்துவிட்டார். அன்று காலை முழுக்க நாங்கள் கரைத்த காஸ்டிக் சோடாவும் தொழிற்சாலையில் தயாராவதுதான். இரண்டையும் மேசையில் வைத்து, எந்தத் தண்ணீருக்கு எது என்று சொல்லிக்கொடுப்பதுதான் கற்றுக்கொள்ள வந்தவர்களுக்குச் செய்கிற நியாயம்.

நான் செய்த கட்டிகளில் பாதியைக் கோயம்புத்தூரில் இருக்கும் தங்கைக்கு அனுப்பினேன். அவள் வீட்டில் உப்பில்லாத சிறுவாணித் தண்ணீர். "அக்கா, இன்னும் இருந்தா அனுப்பு, முடி பஞ்சு மாதிரி நிக்குது" என்கிறாள். அதே கட்டிதான், என் பார்லர் ஷவரில் பிசுபிசுத்தது.

ஆகவே, கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான். வீட்டில் மெட்ரோ தண்ணீர் வந்தால் தாராளமாகப் போங்கள், ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். சோப்பு செய்வதைத் தொழிலாக எடுக்க நினைப்பவர்களும் போகலாம், பாதுகாப்புப் பாடத்தை இவ்வளவு பொறுப்பாக வேறெங்கும் நான் பார்க்கவில்லை. போர் தண்ணீர் வீடுகளுக்கு இரண்டுதான். பணம் கட்டுவதற்கு முன் போன் செய்து, உப்புத் தண்ணீருக்கு ஏற்ற பாரும் சொல்லித்தருவீர்களா என்று கேளுங்கள். நிறையப் பேர் கேட்டால் சேர்த்துவிடுவார்கள் என்று நம்புகிறேன், நானும் எழுதிக் கேட்டிருக்கிறேன். போகும்போது உங்கள் வீட்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு போய், அங்கேயே காய்ந்த கட்டி ஒன்றைச் சீவிப்போட்டுக் குலுக்கிப் பாருங்கள்.