புருன்னனில் எங்கள் கையால் கோத்த பேனாக்கத்தி

சுவிட்சர்லாந்துக்குச் செல்லும் நம்மவர்கள் சாக்லேட்டோடு சேர்த்து வாங்கிவரும் சிவப்புப் பேனாக்கத்தியை, லூசர்ன் ஏரிக்கரையில் உள்ள புருன்னன் ஊரின் விக்டோரினாக்ஸ் பார்வையாளர் மையத்தில் நாமே பாகம் பாகமாகக் கோத்து எடுத்துவரலாம். பன்னிரண்டு வயது மகளோடு சென்ற எங்களுக்கு, பனிமலை உச்சியைவிட அந்த மேசையின் முன் கழிந்த நேரமே இன்றும் மனத்தில் நிற்கிறது.

கோக்கக் கிடைப்பது 'ஸ்பார்ட்டன்' என்னும் வகை. மடக்கிய நிலையில் 91 மில்லிமீட்டர் நீளம். பெரிய அலகு, சிறிய அலகு, டின் திறப்பான், பாட்டில் திறப்பான், தக்கைத் திருகு, துளையூசி ஆகியவை அதில் அடங்கும். பாகங்கள் மெருகேறித் தயாராக வருவதால் கூர்தீட்டும் வேலை எதுவும் இல்லை. ஆனால் கோப்பது எளிது என்று எண்ணிவிட வேண்டாம். சிறிய தாங்கியில் நிற்கும் பித்தளை ஆணிகளில் மெல்லிய அலுமினியத் தகடு, அதன்மேல் அலகுகள், முதுகுப் பக்கம் ஸ்பிரிங், மீண்டும் தகடு என்று அடுக்கிக்கொண்டே போக வேண்டும். ஸ்பிரிங் அடங்காமல் துள்ளும். அதை அழுத்திப் பிடித்தபடியே துளையையும் ஆணியையும் நேர்ப்படுத்துவதில்தான் முழு வேலையும் இருக்கிறது. என் மகளுக்கு இரண்டு முறை நழுவியது. அருகில் நின்ற பயிற்றுநர் கத்தியைத் தம் கையில் வாங்கிச் சரிசெய்யாமல், விரலை எங்கே ஊன்ற வேண்டும் என்று மட்டும் காட்டினார். அந்தப் பொறுமைக்காகவே இந்த இடத்தை மனமாரப் பரிந்துரைப்பேன். கடைசியில் கைநெம்புகோலை அழுத்திச் சிவப்பு மேலோடுகளைப் பொருத்தி, இடுக்கியையும் பல்குச்சியையும் செருகினால் கத்தி முழுமை பெறுகிறது. அலகை மடக்கும்போது எழும் அந்த 'டக்' ஓசையைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்ததை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாது.

கோத்து முடித்த பிறகு அங்கேயே உள்ள சிறு அருங்காட்சியகத்தைப் பார்ப்பதே நல்ல வரிசை என்பது என் கருத்து. விக்டோரினாக்ஸ் நிறுவனர் கார்ல் எல்செனர் 1884இல் அருகிலுள்ள இபாக்கில் பட்டறை தொடங்கியதும், 1891இல் சுவிஸ் படைக்கு முதல் கத்திகளை வழங்கியதும் வரலாற்றுச் செய்திகள். ஆனால் 1897இல் அவர் பதிவுசெய்த அதிகாரிகளுக்கான கத்தியில் ஆறு கருவிகளை இரண்டே ஸ்பிரிங்குகள் தாங்கின என்பதைப் படித்தபோது, அதன் அருமை எங்களுக்கு உடனே விளங்கியது. சற்றுமுன் அந்த ஸ்பிரிங்குகளோடு போராடியவை எங்கள் விரல்கள் அல்லவா! எல்செனரின் தாயார் விக்டோரியாவின் பெயரோடு துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் 'இனாக்ஸ்' என்ற சொல் 1921இல் இணைந்ததே இன்றைய பெயர் என்பதையும் மகள் அங்குதான் தெரிந்துகொண்டாள்.

முன்பதிவு செய்யாமல் போக வேண்டாம். குழுச் சுற்றுலாவில் இதைச் சேர்த்துக்கொள்ளவும் வேண்டாம். முந்தைய பயணத்தில் ஒரு சுற்றுலா நிறுவனம் புருன்னனில் எங்களை இறக்கிவிட்டு, ஏரியைப் படம் எடுக்கும் அளவுக்கே நேரம் தந்து அழைத்துச் சென்றுவிட்டது. தனியாகச் செல்பவர்கள் லூசர்னிலிருந்து கப்பலில் வந்து, அரைநாள் ஒதுக்கி, ரயிலில் திரும்பலாம். விரல்களுக்கு ஓரளவு வலுவும், சொல்வதைக் கேட்டுச் செய்யும் நிதானமும் வந்த பிள்ளைகளுக்கே இது ஏற்றது. மிகச் சிறிய குழந்தைகள் அருகில் நின்று பார்ப்பதோடு சரி.

ஊர் திரும்பும்போது கத்தியைக் கைப்பையில் வைத்துவிடாதீர்கள். விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் பறிபோய்விடும். நாங்கள் புருன்னனிலிருந்து அறைக்குத் திரும்பிய அன்றிரவே, சரக்கறைக்குப் போகும் பெரிய பெட்டியில் துணிகளுக்கு நடுவே அதைச் சுற்றி வைத்துவிட்டோம்.