குழந்தைக்குக் காய்ச்சல்: பாராசிட்டமாலா, ஐபுப்ரோஃபெனா, சளி சிரப்பா?

3 மாதம் நிறையாத குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்துவிட்டால் இந்த ஒப்பீடே வேண்டாம். வீட்டில் மருந்து கொடுத்துப் பார்க்காமல் உடனே டாக்டரிடம் போய்விடுங்கள்.

அந்த வயதைத் தாண்டிய குழந்தைக்கு என் முதல் தேர்வு பாராசிட்டமால். எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் ஒரு வேளைக்கு. 4 முதல் 6 மணி நேர இடைவெளி வேண்டும், 24 மணி நேரத்தில் 4 வேளைக்கு மேல் போகக் கூடாது. ஐபுப்ரோஃபென் காய்ச்சலை இன்னும் சற்று நேரம் அடக்கி வைக்கும் என்பது உண்மைதான். ஆனால் 6 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு டாக்டர் சொல்லாமல் அதைத் தரக் கூடாது. வாந்தி, வயிற்றுப்போக்கால் உடலில் நீர் வற்றியிருந்தால் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். சின்னம்மையிலும் டெங்கு சந்தேகத்திலும் தவிர்க்க வேண்டிய மருந்து அது. முதல் நாள் காய்ச்சலில் எந்த நோய் என்று யாருக்குத் தெரியும்? அதனால்தான் பாராசிட்டமாலை முன்னால் வைக்கிறேன். இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்தால் எதை எப்போது கொடுத்தோம் என்ற கணக்கு எளிதில் தவறிவிடும். ஆஸ்பிரின் இந்தப் போட்டியிலேயே இல்லை. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் நோய்க்குறி என்ற ஆபத்தால் பிள்ளைகளுக்கு அது கூடாது.

சரி, பாராசிட்டமால்தான் என்று முடிவு செய்தாலும் எந்த பாட்டில்? எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான். சொட்டு மருந்தில் பெரும்பாலும் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்கு 120, 125 அல்லது 250 மில்லிகிராம். 10 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம் கொடுக்க வேண்டுமென்றால் சொட்டு மருந்தில் 1.5 மில்லி, 125 சிரப்பில் 6 மில்லி, 250 சிரப்பில் 3 மில்லி. சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தை 6 மில்லி ஊற்றினால் 600 மில்லிகிராம் உள்ளே போய்விடும், நான்கு மடங்கு! பாட்டில் மாறும் ஒவ்வொரு முறையும் லேபிளைப் படியுங்கள். சமையலறைக் கரண்டி வேண்டாம், அளவு குறித்த சிரிஞ்சால் கொடுங்கள்.

மூன்றாவது, பல மருந்துகள் கலந்த சளி, இருமல் சிரப். சிறு குழந்தைகளுக்கு அது தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. 2 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தர வேண்டாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2008-இல் அறிவுறுத்தியது. அதன் பிறகு அங்குள்ள தயாரிப்பாளர்களே 4 வயதுவரை வேண்டாம் என்று லேபிளில் போட்டார்கள். இந்த சிரப்புகளில் உள்ள குளோர்ஃபெனிரமின் தூக்கக் கலக்கம் தரும், மூக்கடைப்புக்காகச் சேர்க்கும் ஃபினைலெஃப்ரின் போன்றவை ரத்த அழுத்தத்தை ஏற்றலாம். இவ்வளவுக்கும் சளி சீக்கிரம் குணமாவதில்லை. மூக்கடைப்புக்கு உப்பு நீர்ச் சொட்டு மருந்தே போதும். 1 வயது தாண்டியிருந்தால் இரவு இருமலுக்குக் கொஞ்சம் தேன் கொடுக்கலாம். அதற்கு முன் தேன் கூடாது, பொட்டுலிசம் என்ற கடுமையான நச்சு நோய் வரும் அபாயம் உண்டு.

அப்புறம், சில சளி சிரப்புகளிலும் பாராசிட்டமால் இருக்கும். அதையும் காய்ச்சல் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் ஒரே மருந்து இரண்டு முறை போய்விடும். அளவு மீறியதாகச் சந்தேகம் வந்தால், குழந்தை விளையாடிக்கொண்டிருந்தாலும் பாட்டிலோடு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். கல்லீரல் பாதிப்பின் அறிகுறி வெளியே தெரிய ஓரிரு நாள் ஆகலாம். நச்சை முறிக்கும் மருந்தோ சீக்கிரம் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும்.