யூஎஸ்பி மைக்கா, இன்டர்ஃபேஸா? டர்பன் வீட்டில் பாட்டுப் பதிவுக்கு எது சரிப்படும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் காவடித் திருவிழா நெருங்கும்போதும், புரட்டாசி பஜனை நாட்களிலும் இந்தக் கேள்வி தவறாமல் வரும்: வீட்டிலேயே பாட்டைப் பதிவு செய்ய எதை வாங்கலாம்? கேட்பவர்கள் பெரும்பாலும் கோயில் பஜனைக் குழுவினர், உருமி மேளம் அடிக்கும் பையன்கள், ஆயாவின் பாட்டை எப்படியாவது பிடித்து வைத்துவிட நினைக்கும் பேரப்பிள்ளைகள். இணையத்தில் கிடைக்கும் பரிந்துரைகள் எல்லாம் அமைதியான, கம்பளம் விரித்த அறையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் பல வீடுகளுக்குச் சுவர் பொது. தரை டைல்ஸ். காலையில் ஹடீடா பறவை கத்தும், மதியம் மைனா. கோடை மழை கூரையில் விழுந்தால் பேச்சே கேட்காது. இதற்கு நடுவில்தான் நாம் பாட வேண்டும். அதனால் இந்த அலசலில் கருவியின் தரத்துக்கு இரண்டாவது இடம்தான். நம் அறை முதலில்.

யூஎஸ்பி மைக் என்றால் மைக், ஒலியைப் பெருக்கும் பகுதி, அதை எண்ணாக மாற்றும் பகுதி எல்லாம் ஒரே உடம்பில் இருக்கும். ஒரு வயரை லேப்டாப்பில் செருகினால் வேலை தொடங்கிவிடும். புளூ யெட்டி இந்த வகையில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். ஒரே ஆள், ஒரே குரல், கதை சொல்லல், தமிழ் வகுப்புக்குப் பாடம் என்றால் இதுவே போதும். பணமும் மிச்சம்.

சிக்கல் இரண்டாவது ஆள் வந்தவுடன் ஆரம்பிக்கும். பஜனையில் முன்பாட்டுக்காரர் ஒருவர், ஆர்மோனியம் ஒன்று, தாளம் ஒன்று. சரி, இன்னொரு யூஎஸ்பி மைக் வாங்கிச் செருகலாமே என்று தோன்றும். ஒவ்வொரு யூஎஸ்பி மைக்குக்குள்ளும், ஒலியை எண்ணாக மாற்றும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் தனித்தனிக் கடிகாரம் ஓடுகிறது. இரண்டும் துல்லியமாக ஒத்துப்போவதில்லை. பாட்டு நீள நீள ஆர்மோனியமும் குரலும் மெல்ல விலகத் தொடங்கும். இதைச் சமாளிக்க மென்பொருளில் வழிகள் உண்டு, ஆனால் நிம்மதியான வழி இல்லை.

இன்டர்ஃபேஸ் என்பது தனிப் பெட்டி. மைக்கை அதில் செருகி, பெட்டியை லேப்டாப்பில் செருக வேண்டும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 போன்ற ஒன்றில் இரண்டு மைக் போடலாம்; இரண்டும் ஒரே கடிகாரத்தில் ஓடும், விலகவே விலகாது. மைக் பழுதானால் மைக்கை மட்டும் மாற்றலாம், குழு பெரிதானால் பெட்டியை மட்டும் மாற்றலாம். பாடும்போது தன் குரலைத் தாமதமில்லாமல் ஹெட்ஃபோனில் கேட்கும் வசதியும் பெட்டியிலேயே இருக்கிறது. சில யூஎஸ்பி மைக்கிலும் இந்த வசதி உண்டு, வாங்கும் முன் பாருங்கள். குரல் கணினிக்குள் போய்த் திரும்பி வந்தால் அந்தச் சிறு தாமதமே பாடகரின் தாளத்தைக் கெடுத்துவிடும். குழுவாகப் பாடுபவர்கள் கொஞ்சம் பொறுத்திருந்து பணம் சேர்த்தாவது இன்டர்ஃபேஸ் வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி அந்தப் பெட்டியில் எந்த மைக்? இங்கேதான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். கண்டென்ஸர் மைக்கில் மெல்லிய தகடு ஒன்று மின்னேற்றத்துடன் நிற்கும். அதற்கு இன்டர்ஃபேஸிலிருந்து 48 வோல்ட் போக வேண்டும். ஆடியோ-டெக்னிகா ஏடி2020, ரோட் என்டி1 எல்லாம் இந்த வகை. மூச்சு, கமகத்தின் நுணுக்கம், வீணைத் தந்தியின் ஓரம் என எல்லாவற்றையும் அள்ளி வரும். டைனமிக் மைக்கில் காந்தத்துக்கு நடுவே கம்பிச் சுருள் ஆடும். 1966-இல் வந்த ஷூர் எஸ்எம்58 இன்றும் கோயில் மேடைகளில் கையில் பிடித்துப் பாடப்படுகிறது. அதன் எல்லை 50 முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரை. கண்டென்ஸரின் பளிச்சென்ற மேல்சுரம் இதில் வராது.

டைனமிக் மைக் அறைச் சத்தத்தை வாங்காது என்று சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. அசல் காரணம் தூரம். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால் குரல் சுமார் 6 டெசிபல் குறையும்; அறையின் எதிரொலியோ எங்கும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். 20 சென்டிமீட்டரிலிருந்து 5 சென்டிமீட்டருக்கு வந்தால் எதிரொலியோடு ஒப்பிட்டால் குரல் முன்பைவிடச் சுமார் 12 டெசிபல் கூடுதலாக நிற்கும். எஸ்எம்58 இப்படி நெருங்கிப் பாடுவதற்காகவே செய்யப்பட்டது. கண்டென்ஸரை அவ்வளவு நெருங்கினால் 'ப'வும் 'ச'வும் வெடித்துச் சீறும், அதனால் தள்ளி நிற்கிறோம், அறையும் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியும் உள்ளே வருகின்றன. நெருங்கினால் டைனமிக்கிலும் அடிச்சுரம் கொஞ்சம் கனக்கும், குறிப்பாக ஆண் குரலில். மென்பொருளில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் ஓரளவு சரியாகும்.

எனவே வெறும் சுவரும் டைல்ஸும் உள்ள அறைக்கு டைனமிக்தான். கண்டென்ஸர் வேண்டுமென்றால் முதலில் அறையைத் தயார் செய்யுங்கள்: துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து, பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் கனமான போர்வை தொங்கவிட்டு, தரையில் பாய்க்குப் பதில் தடித்த கம்பளம் விரித்து. கடையில் விற்கும் மெல்லிய பஞ்சுத் தகடுகள் மேல்சுரத்தை மட்டும் விழுங்கும், அடிச்சுரத்தை விட்டுவிடும். அறை மந்தமாகக் கேட்கும். அந்தப் பணத்துக்குப் போர்வை மேல்.

வீணையோ புல்லாங்குழலோதான் உங்கள் முக்கிய வாத்தியம் என்றால் என் தீர்ப்பு மாறும். அங்கே கண்டென்ஸர் தரும் நுணுக்கத்தை டைனமிக் தராது. அமைதியான பின்னிரவைத் தேர்ந்தெடுத்துப் பதியுங்கள்.

பதிந்ததைக் கேட்டுக் கலக்க ஸ்பீக்கரா, ஹெட்ஃபோனா என்பதில் நான் தயங்க மாட்டேன்: ஹெட்ஃபோன்தான். 3 மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே சுவர்கள் இருந்தால் 57 ஹெர்ட்ஸ் அளவில் ஒலி தானாகவே வீங்கும். அறை ஊதிக் காட்டுவதை நம்பி மேளத்தைக் குறைத்துவிடுவீர்கள். காரில் போட்டுக் கேட்டால் மேளமே இருக்காது. காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோன், சோனி எம்டிஆர்-7506 போல ஒன்று, போதும்.

மின்வெட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2023-இல் நாம் பட்டது மறக்காது. இப்போது குறைந்திருந்தாலும் வாங்கும்போது அதை நினைத்தே வாங்குங்கள். லேப்டாப் பேட்டரியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் இன்டர்ஃபேஸ் என்றால் விளக்கு அணைந்தாலும் பதிவு நிற்காது. மேசைக் கணினியும் ஸ்பீக்கரும் அப்படி இல்லை. இன்வெர்ட்டரில் ஓட்டினால் அதன் ரீங்காரம் பதிவுக்குள் நுழைகிறதா என்று கேட்டுப் பாருங்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பதிவு செய்தாலே பல வீடுகளில் அந்த 'உம்ம்' சத்தம் போய்விடும்.

மென்பொருளுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். மேக் இருந்தால் கராஜ்பேண்ட் இலவசம். விண்டோஸ் என்றால் ரீப்பரை 60 நாள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். ஆடாசிட்டி இலவசம், ஆனால் பல தடங்களை அடுக்கிக் கலக்கும் வேலைக்கு ரீப்பர் வசதி. எதில் ஆனாலும் பதிவின் தர அமைப்பை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று வையுங்கள். மிக உரத்த இடமும் மென்பொருளின் அளவுகாட்டியில் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உருமிக்கும் தப்புக்கும் மேலே சொன்ன எதுவும் வேண்டாம். சிறிய அறையில் அவற்றின் ஓசை சுவர்களுக்குள்ளேயே முட்டி மோதிக் குழம்பும். கராஜ் கதவைத் திறந்து போட்டோ, முற்றத்திலோ அடிக்கச் சொல்லி, கையடக்கப் பதிவுக்கருவியை இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வையுங்கள். ஜூம் எச்1 எசென்ஷியல் என்ற கருவி, மிக உரத்த ஒலிக்கும் இடம் விடும் 32 பிட் ஃப்ளோட் முறையில் பதியும். மைக் தாங்கும் அளவு வரை, மேளம் திடீரென்று ஏறினாலும் பதிவு கிழியாது.

பெரியவர்களின் பாட்டுக்கும் இதே சின்னக் கருவியைத்தான் பரிந்துரைப்பேன். 1860-க்கும் 1911-க்கும் இடையே ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் இங்கே வந்தவர்கள் கொண்டுவந்த தாலாட்டும் கூத்துப் பாட்டும் இன்று சில வயதானவர்களின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. அவர்களை ஸ்டாண்டுக்கும் ஹெட்ஃபோனுக்கும் முன் உட்கார வைத்தால் பாட்டு வராது. அவர்கள் சமையலறையிலேயே, பழகிய நாற்காலியிலேயே இருக்கட்டும். மேசை அதிர்வு ஏறாமல் கருவிக்கடியில் மடித்த துண்டு ஒன்றைப் போடுங்கள், பாடி முடிக்கும் வரை ஃப்ரிட்ஜை அணைத்துவிடுங்கள். ஆயா பெயரும் பாட்டை யாரிடம் கற்றார் என்பதும் அவர் குரலிலேயே முதலில் வரட்டும். எம்பி3-ஆக மாற்றாமல் கருவி பதிந்த, சுருக்காத வேவ் கோப்பையே அன்றே இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள், ஒன்று வேறு வீட்டில்.