லிப்சவுண்ட்ஃபைல்: படிக்கும்போது நிம்மதி, எழுதும்போது உஷார்

சி மொழியில் ஆடியோவோடு மல்லுக்கட்டுகிறவர்கள் என்றாவது ஒருநாள், ஒலிக்கோப்புகளைப் படிக்கவும் எழுதவும் உதவும் லிப்சவுண்ட்ஃபைல் என்ற இந்த லைப்ரரி பக்கம் வந்து சேர்வார்கள். எரிக் டி காஸ்ட்ரோ லோப்போ எழுதத் தொடங்கியது, எல்ஜிபிஎல் என்ற திறமூல உரிமம், ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளும் இதைத்தான் பயன்படுத்துகிறது. கோப்பில் ஒவ்வொரு சாம்பிளும் (ஒரு கணத்தின் ஒலி அளவைக் குறிக்கும் எண்) 16 பிட் இருக்கட்டும், 24 பிட் இருக்கட்டும், எஸ்எஃப்_ரீட்எஃப்_ஃப்ளோட் என்று கூப்பிட்டால் போதும், -1.0 முதல் 1.0 வரையிலான ஃப்ளோட் (தசம) எண்களாக வந்து விழும். 24 பிட் சாம்பிளை மூன்று மூன்று பைட்டாகப் பொறுக்கிச் சேர்க்கும் தலைவலியே கிடையாது. அதுவரைக்கும் ஃப்ளோட்டில் இழப்பும் இல்லை. 32 பிட் இன்டிஜர் (முழு எண்) என்றால் மட்டும், இன்னும் துல்லியமான தசம வகையான டபுள் எடுங்கள்.

சரி, எழுதும் பக்கம் வருவோம். இரண்டு டிராக்கைக் கூட்டியதில் ஒரு சாம்பிள் 1.01 ஆகிவிட்டது என்று வையுங்கள். 16 பிட்டின் உச்ச எண்ணான 32767-ஆல் பெருக்கினால் 33095, அது 16 பிட்டில் அடங்காது, எனவே சுற்றிக்கொண்டு -32441 ஆகிவிடும், அதாவது உச்சியில் நிற்க வேண்டிய அலை ஒரே சாம்பிளில் அடிமட்டத்துக்கு விழுந்து, காதில் 'டப்'பென்று அறையும். எஸ்எஃப்சி_செட்_கிளிப்பிங் என்று ஒரு வரி போட்டால் தீர்ந்தது, வரம்பை மீறிய எண்ணை உச்சத்திலேயே நிறுத்திவிடும். ஆனால் அதை டீஃபால்ட்டாக அணைத்தே வைத்திருப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

அப்புறம், ஃப்ளோட் எண்களை வைத்திருக்கும் வேவ் கோப்பை எஸ்எஃப்_ரீட்_ஷார்ட்டில் 16 பிட் முழு எண்களாகப் படித்தால், -1.0 முதல் 1.0 வரையிலான எண்கள் பெருக்கப்படாமலே முழு எண்ணாகி, கிட்டத்தட்ட எல்லாமே பூஜ்ஜியமாக வரும். கோப்பு கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம், எஸ்எஃப்சி_செட்_ஸ்கேல்_ஃப்ளோட்_இன்ட்_ரீட் என்ற நீளப் பெயர்க் கட்டளை அதற்காகவே இருக்கிறது, டாக்குமென்டேஷனிலும் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொரு நுணுக்கம்: 16 பிட்டைப் படிக்கும்போது 32768-ஆல் வகுக்கிறது, டீஃபால்ட் வழியில் எழுதும்போது 32767-ஆல் பெருக்குகிறது. 20000 போய் 19999 ஆகத் திரும்பும். காதுக்குத் தெரியாதுதான், ஆனால் கோப்புகளை பைட் பைட்டாக ஒப்பிட்டு டெஸ்ட் எழுதுகிறவர்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்வார்கள். எண்களை -1.0 முதல் 1.0 வரைக்குள் கொண்டுவரும் எஸ்எஃப்சி_செட்_நார்ம்_ஃப்ளோட்டைப் படிக்கும்போதும் எழுதும்போதும் அணைத்துவிட்டால் 20000 அப்படியே 20000.0 ஆக வந்து போகும்.

டித்தர், அதாவது பிட் குறைக்கும்போது வரும் கரகரப்பை மறைக்கச் சேர்க்கும் மெல்லிய இரைச்சல், தானாகச் சேராது. மெல்ல அடங்கும் ரிவெர்ப் (எதிரொலி) வாலை 16 பிட்டுக்கு இறக்கப் போகிறீர்கள் என்றால், 16 பிட்டின் ஒரு படியில் -அரை முதல் +அரை வரைக்குமான இரண்டு ரேண்டம் எண்களை ஒவ்வொரு சாம்பிளோடும் நீங்களே கூட்டிவிட்டு எழுதுங்கள்.