ஸ்ப்ரே, ஸ்டிக்கர், ரெக்சின்: பழைய காரின் உள் பிளாஸ்டிக்குக்கு எது ஒத்துவரும்?

எங்கள் வீட்டுக் கார் 2006 மாடல். இன்ஜினில் ஒரு குறையும் இல்லை, கதவைத் திறந்தால்தான் வயது தெரியும். சென்டர் கன்சோலில் சில்வர் பெயின்ட் தேய்ந்து அடியில் இருக்கும் கறுப்பு பல்லிளிக்கிறது. ஓட்டுபவர் பக்கக் கதவின் கைப்பிடியைத் தொட்டால் விரல் ஒட்டுகிறது. டேஷ்போர்டின் மேல்பக்கம் கறுப்பும் இல்லை, சாம்பலும் இல்லை. பழுப்பு நிற டோர் பேடுகளில் பிள்ளைகள் ஏறி இறங்கும்போது செருப்பால் தேய்த்த கீறல்கள்.

இதற்கு என்ன செய்யலாம் என்று கேட்டுப் போனால் ஆளுக்கொரு வைத்தியம். டிங்கரிங் ஷெட்டில் "பெயின்ட் அடிச்சிடலாம் சார்" என்கிறார்கள். ஸ்டிக்கர் கடையில் கார்பன் ஃபைபர் டிசைனை நீட்டுகிறார்கள். சீட் கவர் தைப்பவர் எல்லாவற்றுக்கும் ரெக்சின் என்கிறார். அவரவர் கடையில் இருப்பதுதானே அவரவர் மருந்து? இரண்டு வருடமாக ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பாகத்தில் செய்து பார்த்துவிட்டேன். சில சரியாக வந்தன, ஒன்று மானத்தை வாங்கியது. ஒரே காருக்குள் ஒரே வழி எல்லா இடத்துக்கும் ஒத்துவரவில்லை. கை படுகிற இடம், வெயில் படுகிற இடம், இரண்டும் அதிகம் படாத இடம் என்று பிரித்துக்கொண்ட பிறகுதான் எனக்கே குழப்பம் தீர்ந்தது.

முதலில் கழுவிப் பாருங்கள்

இதையும் ஒரு வழியாகவே கணக்கில் சேர்க்கிறேன், ஏனென்றால் பாதி "தேய்மானம்" அழுக்குதான். வருடக்கணக்கில் சர்வீசுக்கு விடும்போதெல்லாம் பளபளப்புக்காகத் துடைத்துவிட்ட பாலிஷ், அதன் மேல் தூசி, அதன் மேல் மறுபடி பாலிஷ். பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், பழைய டூத் பிரஷ், ஈரத்துணி. இவ்வளவுதான் வேண்டும். ஸ்விட்சுகள் பக்கம் தண்ணீர் வழியவிடாதீர்கள். என் டோர் பேடில் கீறல் என்று நினைத்த கோடுகளில் பல, பிளாஸ்டிக்கின் சொரசொரப்புக்குள் புகுந்திருந்த செருப்பு ரப்பர்தான். தேய்த்ததும் போய்விட்டன.

அந்தப் பாலிஷ்களில் பலவற்றில் சிலிக்கான் எண்ணெய் இருக்கும். பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் அது துளி மிச்சமிருந்தாலும் அதன் மேல் அடிக்கும் பெயின்ட் வட்ட வட்டமாக விலகிக் குழி விழும். பெயின்டர்கள் இதை ஃபிஷ் ஐ என்பார்கள். அதனால் பின்னால் பெயின்ட் அடிக்கும் எண்ணம் இருந்தால் இன்றைக்கே பாலிஷை நிறுத்திவிடுங்கள்.

பாகத்தைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள்

கடையில் யாரும் சொல்லாத விஷயம் இது. பெரும்பாலான பிளாஸ்டிக் பாகங்களின் பின்புறம் அது என்ன பிளாஸ்டிக் என்பதைச் சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். நம் வேலைக்கு இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். ஏபிஎஸ் என்றால் பெயின்ட் நன்றாகப் பிடிக்கும். பிபி, அதாவது பாலிபுரோப்பிலீன் என்றால் எதுவுமே எளிதில் பிடிக்காது. பெயின்டானாலும் பசையானாலும் ஸ்டிக்கரானாலும் அதே கதைதான். தாமரை இலைத் தண்ணீர் போல என்று சும்மா சொல்லவில்லை, அதன் மேற்பரப்பில் தண்ணீர் பரவாமல் முத்து முத்தாகத்தான் நிற்கும்.

தண்ணீரில் போட்டு மிதந்தால் பிபி, மூழ்கினால் ஏபிஎஸ் என்று ஒரு சோதனையைச் சொல்வார்கள். வெறும் பிபிக்கு அது சரி. ஆனால் கார் பாகங்களில் பிபியோடு டால்க் பொடி கலப்பது சகஜம். பின்பக்கம் பிபி-டி20 என்று போட்டிருந்தால் 20 சதவீதம் டால்க் என்று பொருள், அது மூழ்கிவிடும். அதனால் எழுத்தை நம்புங்கள், வாளியை நம்பாதீர்கள்.

துடைக்கும்போதும் இந்த வித்தியாசம் முக்கியம். தின்னரோ அசிட்டோனோ பட்டால் ஏபிஎஸ் இளகி மேற்பரப்பு கெட்டுவிடும். இரண்டுக்கும் பொதுவாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் பயமில்லாதது.

ஸ்ப்ரே டப்பா

செலவு குறைவு. 400 மில்லி டப்பா 300, 400 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் வேலை முடிந்துவிடும். நான் முதலில் இறங்கியதும் இதில்தான், மூக்குடைபட்டதும் இதில்தான்.

கிளவ் பாக்ஸுக்குக் கீழே வரும் ஒரு பேனலை எடுத்தேன். கழுவினேன், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், சாதாரண பிரைமர் அடித்தேன், மேலே மினுங்காத மேட் கறுப்பு. அன்றைக்குப் புதுக் கார் போல இருந்தது. இரண்டே வாரம். மாட்டும்போது கிளிப் பக்கம் நகம் பட்ட இடத்தில் சின்னதாக எழும்பியிருந்ததைப் பிடித்து இழுத்தேன். பாலேடு போல முழுசாக உரிந்து கையோடு வந்துவிட்டது. திருப்பிப் பார்த்தால் பிபி.

பிபிக்கு முதலில் பிளாஸ்டிக் பிரைமர் அல்லது அட்ஹீஷன் புரமோட்டர் என்ற நிறமற்ற திரவம் மெல்லிய ஒரு கோட் அடிக்க வேண்டும். குளோரின் ஏற்றிய பாலியோலிஃபின் அதில் இருக்கும். ஒரு பக்கம் பிபியையும் மறுபக்கம் பெயின்டையும் பிடித்துக்கொள்வது அதன் வேலை. ஆட்டோ பெயின்ட் கடைகளில் பிபிக்கு என்று கேட்டால் தருவார்கள். அது முழுதாகக் காய்ந்து போவதற்குள், டப்பாவில் போட்டிருக்கும் நேரத்துக்குள், மேல் கோட்டை அடித்துவிட வேண்டும். இந்த ஒரு படியை விட்டதுதான் நான் செய்த தப்பு.

இன்னொரு தப்பும் உண்டு. உப்புத்தாள் போட்டிருக்கவே கூடாது. கார் பிளாஸ்டிக்கில் தோல் போன்ற ஒரு சொரசொரப்பு வார்க்கும்போதே வந்திருக்கும். அதை ஒருமுறை தேய்த்து மழுக்கினால் திரும்ப வராது. சாம்பல் நிற ஸ்காட்ச் பிரைட் சோப்புத் தண்ணீரோடு மென்மையாகப் போனால் போதும், அது பள்ளங்களுக்குள்ளும் போகும். ஆழமான கீறல் இருந்தால் மட்டும் அந்த இடத்தில் புட்டி வைத்து, டெக்ஸ்சர் ஸ்ப்ரே கொண்டு சொரசொரப்பை ஓரளவு கொண்டுவரலாம். ஓரளவுதான், உற்றுப் பார்த்தால் தெரியும்.

அடிக்கும் முறையில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. ஓர் அடிக்குக் கொஞ்சம் குறைவான தூரம், மூன்று நான்கு மெல்லிய கோட், நடுவில் பத்து நிமிட இடைவெளி. கெட்டியாக ஒரே கோட் அடித்தால் சொரசொரப்பு அடைபட்டு வழுவழு என்று ஆகிவிடும். மழைக்காலத்தில் வேண்டாம். காற்றில் ஈரம் அதிகமானால் லாக்கர் வகைப் பெயின்ட் வெண்மை பூத்துக் காயும்.

ஒன்று கவனித்தேன். பிளாஸ்டிக்கின் சொந்த நிறத்திலேயே அடித்தால் பின்னால் தேய்ந்தாலும் கண்ணில் படாது. கறுப்பின் மேல் சில்வர், பழுப்பின் மேல் கறுப்பு என்று மாற்றினால் முதல் கீறலிலேயே குட்டு வெளிப்படும். கம்பெனியிலிருந்து வந்தபோதே கன்சோலுக்கு நேர்ந்த கதியும் அதுதானே.

பெயின்டரிடம் கொடுத்து இரண்டு பாகக் கலவை

இறுகவைக்கும் ஹார்ட்னர் என்ற திரவத்தைக் கலந்து அடிக்கும் பியூ, அதாவது பாலியூரித்தேன் பெயின்ட். காரின் வெளிப்பக்கத்துக்கு அடிப்பது போலத்தான், மேலே மேட் கிளியர் என்ற நிறமற்ற மேல்பூச்சு. ஸ்ப்ரே டப்பாவை விடப் பல மடங்கு கெட்டி. தினமும் விரலும் மோதிரமும் படுகிற கன்சோல், பவர் விண்டோ ஸ்விட்ச் சுற்று, கதவுக் கைப்பிடி இவற்றுக்கு என் ஓட்டு இதற்கே. ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருப்பதால் வீட்டில் வைத்து இதை அடிக்காதீர்கள். துணி மாஸ்க் அதைத் தடுக்காது. தகுந்த மாஸ்க்கும் காற்றோட்டமும் உள்ள ஷெட்டில் கொடுப்பதே நல்லது.

பெயின்டரிடம் இரண்டு விஷயம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பிபி என்றால் பிளாஸ்டிக் பிரைமர் போட வேண்டும். கிளியர் மேட்டாக இருக்க வேண்டும். சொல்லாவிட்டால் அவர் வழக்கப்படி கண்ணாடி போல மின்னவைத்துத் தருவார். "சார், ஷைனிங் கம்மியா இருக்கே" என்று அவருக்கே மனசு கேட்காது.

ஸ்டிக்கர்

வழவழப்பான, தட்டையான பாகமாக இருந்தால் ஸ்டிக்கரை அடிக்க ஆளில்லை. மனசுக்குப் பிடிக்காவிட்டால் உரித்துவிடலாம் என்ற வசதி வேறு எதிலும் இல்லை. ஆனால் சொரசொரப்பான பேனலில் ஒட்டினால் மேடுகளின் உச்சியில் மட்டும்தான் பிடிக்கும். நாலு வெயில் கண்டதும் ஓரம் தூக்கும். அதிலும் பிபியாக இருந்தால் ஓரங்களுக்குத் தனியாக ஒரு பிரைமர் தடவ வேண்டும்.

ஸ்டிக்கரில் காஸ்ட், கேலண்டர் என்று இரண்டு வகை. காஸ்ட் என்பது திரவமாக ஊற்றி எடுத்தது, சுமார் 50 மைக்ரான் மெல்லியது. இழுத்து ஒட்டி ஹீட் கன்னால் நன்றாகச் சூடு காட்டிவிட்டால் அப்படியே படிந்துவிடும். கேலண்டர் என்பது உருளைகளுக்கு நடுவே இழுத்து நசுக்கி எடுத்தது. வெயில் பட்டால் பழைய அளவுக்கே சுருங்கப் பார்க்கும். சாலையோரக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கார்பன் டிசைன் பெரும்பாலும் இரண்டாவது வகை. கார்பன் டிசைன் ஒட்டினால் கார் வேகமாகப் போகாது என்பதையும் என் தம்பிக்காக இங்கே சொல்லிவைக்கிறேன்.

ரெக்சின்

கையால் தொடும்போது கிடைக்கும் சுகத்தில் ரெக்சினை எதுவும் மிஞ்சாது. டோர் பேடின் நடுவில் முழங்கை படும் இடத்துக்கு அருமை. ஆனால் குழிந்த வளைவுகளில் ரெக்சின் கூடாரம் போலத் தூக்கிக்கொள்ளும். அதைத் தடுக்கத் தையல் போட்டுத்தான் வளைக்க வேண்டும். அப்புறம் அதன் தடிமன். ஒரு பேனலைச் சுற்றி மடித்து ஒட்டினால் பக்கத்துப் பேனலோடு பொருந்தாது, மாட்டும்போது கிளிப் உடையும். ரப்பர் வகைப் பசை நம் ஊர்க் கோடையில் இளகும் என்பதால், ஒட்டுபவரிடம் சூடு தாங்கும் பசை என்று கேட்டு வாங்க வேண்டும். டேஷ்போர்டின் மேல்பக்கத்துக்கு மட்டும் ரெக்சின் வேண்டாம். நேர் வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரில் அந்த இடம் 70 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம்.

ஹைட்ரோ டிப் என்று தண்ணீரில் மிதக்கும் பிலிமின் டிசைனைப் பாகத்தின் மேல் ஏற்றும் முறையும் இருக்கிறது. மர டிசைன் ஆசை இருப்பவர்களுக்கு அது. அதற்கும் அடியில் பெயின்ட், மேலே கிளியர் கோட் வேண்டும். ஆக, பெயின்டின் தொல்லை அத்தனையும் அதிலும் உண்டு.

புதுப்பேட்டை

பேனல் விரிசல் விட்டோ கிளிப் முனை உடைந்தோ இருந்தால் மேலே சொன்ன எல்லாமே வீண். சென்னையில் இருப்பவர்கள் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போய் அதே மாடலின் பழைய பாகத்தைத் தேடலாம். பெயின்டருக்குக் கொடுப்பதைவிடச் சில நேரம் மலிவாகவே முடியும். பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோங்கள். ஒரே மாடலிலேயே வருடத்துக்கு வருடம் கிளிப் இடம் மாறியிருக்கும். நிறம் கொஞ்சம் முன்னே பின்னேதான் இருக்கும், வேறு காரில் வேறு வெயில் தின்ற பிளாஸ்டிக் அல்லவா.

ஒட்டுகிற கைப்பிடி தனிக் கதை

மென்மையாக இருக்கட்டும் என்று சில பாகங்களில் ரப்பர் போன்ற ஒரு பாலியூரித்தேன் பூச்சு கொடுத்திருப்பார்கள். சூடும் ஈரமும் சேர்ந்து வருடப்போக்கில் அது சிதைந்து பிசுபிசுக்கும். இதன் மேல் பெயின்டும் நிற்காது, ஸ்டிக்கரும் நிற்காது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து, பொறுமையாகத் தேய்த்து, பூச்சை முழுக்க எடுத்துவிட வேண்டும். எனக்கு ஒரு கைப்பிடிக்கு ஒரு மாலை முழுதும் ஆனது. அடியில் வந்த கறுப்புப் பிளாஸ்டிக் அப்படியே நன்றாக இருந்ததால் ஒன்றும் அடிக்காமல் விட்டுவிட்டேன்.

எந்த வழியாக இருந்தாலும் ஏர்பேக் மூடியைத் தொடாதீர்கள். அது குறிப்பிட்ட கோட்டில் கிழிந்து திறக்க வேண்டும். அதன் மேல் ரெக்சினோ தடித்த பெயின்டோ இருந்தால் திறப்பது கெடும். இந்தியாவில் ஓட்டுபவர் பக்க ஏர்பேக் 2019 ஜூலையில்தான் கட்டாயமானது என்றாலும், அதற்கு முந்தைய கார்களிலும் உயர்ந்த மாடல்களில் இருக்கும். ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

என் காரின் இன்றைய நிலை இது. கன்சோல் பெயின்டர் கையால் மேட் கறுப்பாகிவிட்டது, சில்வரை மறந்தாயிற்று. ஸ்டீரியோவைச் சுற்றியுள்ள தட்டைப் பட்டையில் காஸ்ட் ஸ்டிக்கர். டேஷ்போர்டின் மேல்பக்கத்தைக் கழுவி, எண்ணெய் இல்லாத தண்ணீர் வகை டிரெஸ்ஸிங் என்ற பூச்சு மட்டும் தடவி, நிறுத்தும்போது சன் ஷேடு விரிக்கிறேன். மினுக்கமாக எதை அடித்தாலும் முன்கண்ணாடியில் பிம்பம் விழுந்து பகலில் சாலையை மறைக்கும்.

டோர் பேடுகள்தான் பாக்கி. பெயின்டர் நிறம் கலக்கச் சாம்பிள் கேட்டார். கிளவ் பாக்ஸின் உள்பக்கத்தைக் கொடுக்கப் போனேன், வெயில் படாமல் அசல் பழுப்பாக இருக்கிறதே என்று. நான்கு கதவுக்கும் அடிப்பதானால் அது சரி, ஒரு கதவுக்கு மட்டும் என்றால் பக்கத்துக் கதவின் மங்கிய நிறத்துக்குத்தான் கலக்க வேண்டும் என்றார். நான்குக்கும் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறேன்.